7 மாத பீகிள் குட்டி: முயல் பக்கத்திலேயே ஓடியும் துரத்தவில்லை. என்ன செய்யலாம்?

கேன்டன்_கரிசல் | அக்டோபர் 20

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் கேன்டனில் இருக்கிறேன். வீட்டில் செல்லி என்று ஒரு பீகிள் இனப் பெட்டை நாய்க்குட்டி. மார்ச்சில் பிறந்தது, இப்போது 7 மாதம். 13 அங்குல வகை. தாயும் தகப்பனும் முயல் வேட்டைக்குப் போகிற நாய்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா கன்னி இன வேட்டை நாய் வளர்த்தார். கரிசல் காட்டில் அது ஓடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். முயல் எழுந்த அடுத்த நொடி கண்ணால் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சல். வேட்டை நாய் என்றால் இன்றும் என் மனதில் நிற்பது அதுதான்.

நேற்று மதியம் 2 மணி சுமாருக்குச் செல்லியை வாட்டர்லூ காட்டுக்குக் கூட்டிப்போனேன். நல்ல வெயில், கொஞ்சம் காற்று. ஆட்டம் ஆலிவ் (autumn olive) என்கிற புதர் ஒன்றை நான் காலால் தட்ட, முயல் ஒன்று கிளம்பி அவளுக்குப் பத்தடி தூரத்தில் ஓடியது. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. முயல் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் மூக்கை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாலை ஆட்டினாள். ஒரு சின்னக் குரல் வந்தது. அப்புறம் முயல் ஓடியதற்கு நேர் எதிர்ப் பக்கம் இருபது கஜம் ஓடினாள்! நான் கத்திக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு போய், முயல் போன வழியில் இறக்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேள்விகள் மூன்று. இவளுக்கு வேட்டைக் குணமே இல்லையா? செல்லப்பிராணிக் கடையில் ஒரு முயல் வாங்கித் தோட்டத்தில் விட்டுப் பழக்கு என்கிறார் நண்பர், அது சரியா? அடுத்த மாதம் 20 கேஜ் துப்பாக்கியோடு போகலாம் என்றிருக்கிறேன். சத்தம் பழக ஒருநாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகலாமா?

டேட்டன்காரன் | அக்டோபர் 20

ரொம்ப யோசிக்க வேண்டாம் நண்பா. நல்ல கிழட்டு பீகிள் ஒன்றோடு சேர்த்து விடுங்கள். மூன்று வாரத்தில் எல்லாம் கற்றுக்கொள்ளும். ஓஹாயோவில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

வாட்டர்லூ_மாமா | அக்டோபர் 21

கரிசல் தம்பி, ரேஞ்சுக்கு மட்டும் கூட்டிப்போய்விடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஆனால் இதை முதலில் படித்துவிடுங்கள்.

செல்லி செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணை நம்பி ஓடுகிற நாய்கள், எட்டிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. பீகிளுக்கு முயலைப் பிடிக்கிற வேலையே கிடையாது. இங்கே இருக்கிற காட்டன்டெயில் முயல் தன் இடத்தை விட்டு வெகுதூரம் போகாது. கிளப்பிவிட்டால் ஒரு வட்டம் அடித்துக் கிளம்பிய பக்கத்துக்கே திரும்பும். நாய் தடத்தை மோந்து குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் வரும். நாம் முயல் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நாய் எங்கோ தூரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே முயல் நிதானமாகக் குதித்துக் குதித்து நம் முன்னால் வந்துவிடும். நாய் ரொம்ப வேகமாக நெருக்கினால் முயல் கிரவுண்ட்ஹாக் என்கிற விலங்கு தோண்டிய பொந்துக்குள் இறங்கிவிடும், அதோடு அன்றைய ஓட்டம் முடிந்தது. அதனால் பாய்ச்சலைத் தேடாதீர்கள்.

உங்கள் குட்டி முயலைப் பார்க்கவே இல்லை. 13 அங்குல உயரத்தில், இடுப்பளவு புல்லுக்குள், மூக்கு தரையில் இருக்கும்போது அதற்குக் கண் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முயல் உட்கார்ந்திருந்த இடத்தில் மணம் குப்பென்று இருக்கும். அங்கே போய் நின்று, வாலை ஆட்டி, குரலும் கொடுத்திருக்கிறாள். 7 மாதத்தில் அது பெரிய விஷயம் தம்பி. எதிர்ப் பக்கம் ஓடியதும் சகஜம்தான். முயல் மேய்ந்துவிட்டு வந்து படுத்த தடமும் கிளம்பி ஓடிய தடமும் அந்த ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. எது புதிது என்று பிரிக்கப் பத்துப் பதினைந்து முயலாவது அவளுக்கு வேண்டும்.

நேரமும் சரியில்லை. வெயில், காற்று, காய்ந்த இலை. அந்த நேரத்தில் என் வீட்டுப் பெரிய நாய்களே தடுமாறும். விடிவதற்கு முன்னால் போய் இறங்குங்கள். பனி ஈரம் புல்லில் இருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். இன்னும் போக வேண்டும் என்று அவள் இழுக்கும்போதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

நீங்கள் செய்த ஒரே பிழை, அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் கடுவன் மருதுவுக்கு அப்போது 8 மாதம். ஜனவரி, தரையில் மூன்று அங்குலப் பனி. ஒரு முயலைக் கிளப்பி நன்றாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனவன், உறைந்த ஓடை ஓரத்தில் சட்டென்று அடங்கிவிட்டான். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பனியில் கதை முழுவதும் எழுதியிருந்தது. முயல் ஓடை விளிம்பு வரை வந்திருக்கிறது. அங்கிருந்து தன் தடத்திலேயே நாலு கஜம் பின்னால் வந்து, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவி, விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறிப் போயிருக்கிறது. எனக்கு விடை தெரியும், அவனுக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். விளிம்பில் சின்ன வட்டமாகச் சுற்றினான். ஒன்றுமில்லை. கொஞ்சம் பெரிய வட்டம். ஒன்றுமில்லை. மறுபடி மணம் விட்டுப்போன இடத்துக்கே வந்தான். அவன் மீசை மயிரில் மூச்சு உறைந்து வெள்ளையாக நின்றது. மரத்தைத் தாண்டிப் போனவன் நின்றான், திரும்பி மரப்பட்டை மேல் மூக்கை வைத்தான். வாலின் நுனி மட்டும் துடித்தது. முனகல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தொண்டை திறந்து ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள்! கடிகாரத்தைப் பார்த்தேன், 11 நிமிடம் ஆகியிருந்தது.

அன்று நான் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், அடுத்த முறை தடம் விட்டதும் தரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பான். செல்லி உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆரம்பம். இப்போதே நிறுத்திவிட்டால் மறந்துவிடுவாள். தடம் விட்டுப்போனால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், நடக்கவும் செய்யாதீர்கள். நீங்கள் நடந்தால் உங்கள் பின்னால் வருவாள், தடத்தையும் மிதித்து மணத்தைக் கலைத்துவிடுவீர்கள்.

டேட்டன்காரர் சொல்வதும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. முயல் என்றால் என்னவென்றே தெரியாத குட்டிக்கு இரண்டு மூன்று தடவை பெரிய நாயோடு ஓடுவது நல்லது. அதற்கு மேல் வேண்டாம். பெரிய நாய் கத்தினால் இதுவும் கத்தும், அது ஓடும் பக்கம் இதுவும் ஓடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குட்டி தன் மூக்கை உபயோகித்திருக்காது. மணமே இல்லாத இடத்தில் வெறும் வாய் விடுகிற பழக்கமும் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அது வந்துவிட்டால் போக்குவது ரொம்பக் கஷ்டம்.

கடை முயல் வேண்டாம். அதற்கு வட்டம் அடிக்கத் தெரியாது, திறந்த புல்வெளியில் திகைத்து உட்கார்ந்துவிடும். செல்லி கண்ணால் துரத்தக் கற்றுக்கொள்வாள், நமக்கு வேண்டாத பழக்கம் அது. பீகிள் கிளப்கள் சிலவற்றிடம் வேலி போட்டுக் காட்டு முயல் வைத்திருக்கும் புதர் நிலம் உண்டு. உறுப்பினரானால் அங்கே விடலாம். நெடுஞ்சாலைப் பயம் இல்லை.

இனி துப்பாக்கி. என் முதல் பீகிளின் பெயர் ராணி. 5 மாதத்தில் சத்தம் பழகட்டும் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். யாரோ சொன்னதை நம்பினேன். முதல் வெடிக்கே வண்டிக்கு அடியில் போய் ஒடுங்கியவளை, மண்ணில் படுத்துக் கையை நீட்டி இழுத்துத்தான் எடுத்தேன். உடம்பெல்லாம் நடுங்கியது. அதற்குப் பிறகு துப்பாக்கி உறையைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அவ்வளவு நல்ல மூக்கு அவளுக்கு. அதற்கப்புறம் ஒருநாள்கூட வேட்டைக்கு வரவில்லை. 13 வயது வரை வீட்டு நாயாகவே இருந்தாள். இன்றும் நினைத்தால் மனது கனக்கிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சாப்பாடு வைக்கும்போது அடுத்த அறையில் பாத்திரத்தைத் தட்டுங்கள், நாளாக ஆகக் கொஞ்சம் பக்கத்தில். அது பழகியதும் தீபாவளிக்குச் சுடுகிற ரோல் கேப் துப்பாக்கியைக் காட்டில், அவள் சூடான தடத்தில் குரல் கொடுத்து ஓடும்போது, நூறு கஜம் தள்ளி நின்று ஒரே ஒரு தடவை. முயல் நினைப்பில் இருக்கும்போது சத்தம் காதில் விழுந்தாலும் மனதில் தங்காது. தலையைத் தூக்கி நின்றுவிட்டால் இரண்டு வாரம் மறுபடி சத்தமே கூடாது. நாய் தானாகவே முயலை ஓட்ட ஆரம்பிக்காமல் நிஜத் துப்பாக்கி எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த சீசன் போனால் போகட்டும்.

கேன்டன்_கரிசல் | அக்டோபர் 21

மாமா, இரண்டு முறை படித்தேன். தாத்தாவின் நாயை மனதில் வைத்துக்கொண்டு இவளை அளந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. ரேஞ்சுக்குப் போகவில்லை. இன்னொரு பயம்: இங்கே மான் ஏராளம். மான் பின்னால் போய்விட்டால்? ஷாக் காலர் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) வாங்க வேண்டுமா?

வாட்டர்லூ_மாமா | அக்டோபர் 22

நாயை வைத்து மானைத் துரத்துவது மிச்சிகனில் சட்டப்படி குற்றம். அதைவிட, மான் பின்னால் போகிற பீகிள் ஐ-94 நெடுஞ்சாலை வரை போய்விடும். வாட்டர்லூ அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் காலர் இல்லாமல் குட்டியை அவிழ்த்துவிடாதீர்கள். விலை அதிகம், ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அதன் திரையில் அவள் போன வழியைக் காட்டும் கோட்டைப் பார்த்தாலே தெரியும். முயல் தடம் சிக்குப் பிடித்த நூல் மாதிரி ஒரே இடத்தில் வளைந்து வளைந்து கிடக்கும். மான் என்றால் நேர்கோடு, வேகமும் கூடியிருக்கும். கால் மைல் நேராகப் போய்விட்டது என்றால் காலரின் பீப் ஒலியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். பீப் கேட்டால் திரும்பி வரவேண்டும், வந்தால் கறித்துண்டு கிடைக்கும் என்பதை வீட்டுத் தோட்டத்திலேயே இப்போதிருந்து பழக்குங்கள். ஷாக் என்பது மானின் பின்னால் போகிறது என்று நீங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான், அதுவும் மிகக் குறைந்த அளவில். புதருக்குள் கத்தும்போது சந்தேகத்தில் ஒரு தடவை அழுத்திவிட்டால், முயல் வாசனைதான் தன்னைக் கடித்தது என்று நினைத்துக்கொள்ளும்.

நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி மான் சீசன். அந்த நாட்களில் பொது நிலத்துக்கு நான் நாய்களைக் கொண்டுபோவதில்லை. மற்ற நாட்களிலும் உங்களுக்கு ஆரஞ்சுத் தொப்பியும் சட்டையும், அவளுக்கு ஆரஞ்சுப் பட்டையும் கட்டாயம். முயல் சீசன் மார்ச் 31 வரை, ஒரு நாளைக்கு 5. ஏப்ரல் 16 முதல் ஜூலை 7 வரை காட்டு விலங்குகளின் மேல் நாயைப் பழக்கக் கூடாது, குட்டி போடுகிற காலம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துவிட்டீர்களா? 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது இல்லாமல் வழக்கமான லைசென்ஸ் கிடையாது. நீங்கள் விசாவில் இருப்பவரானால், வேட்டை லைசென்ஸ் கையில் வருவதற்கு முன் துப்பாக்கியைத் தொடாதீர்கள். மத்தியச் சட்டம் கடுமையானது, ஒரு வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவள் வராமலே போனால், பதறி வேறு இடமெல்லாம் தேடி அலையாதீர்கள். அவிழ்த்துவிட்ட இடத்தில் நீங்கள் போட்டிருந்த கோட்டை விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். விடிந்து போனால் பெரும்பாலும் அதன் மேல் சுருண்டு படுத்திருக்கும்.

லான்சிங்_டாக்டரம்மா | அக்டோபர் 22

நான் கால்நடை மருத்துவர். மாமா சொன்னதோடு என் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். முயலை உரிக்கும்போது கையுறை போடுங்கள். டூலரீமியா என்கிற நோய் முயலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். கல்லீரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் சமைக்காதீர்கள். சமைப்பதையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். பரிசாக இருக்கட்டும் என்று நாய்க்குப் பச்சைக் குடலைப் போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். முயலின் வயிற்றில் இருக்கிற நீர்க்கட்டிகளிலிருந்து நாய்க்கு நாடாப்புழு வரும்.

வீட்டுக்கு வந்ததும் காது மடலின் உள்பக்கம், அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும், லைம் நோயைப் பரப்பும் உண்ணி இங்கே இருக்கிறது. ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாய் என்பதால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். வால் நுனி முள்ளில் அடிபட்டு ரத்தம் தெறித்திருந்தால் பயப்பட வேண்டாம், பீகிளுக்கு அது வழக்கம்.

கேன்டன்_கரிசல் | டிசம்பர் 29

மாமா, இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மான் சீசன் போக, வாரத்துக்கு இரண்டு நாள் விடியலில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எட்டாவது முயல் வரை பாதி நேரம் எதிர்ப் பக்கம்தான் ஓடினாள். நவம்பரில் ஒருநாள் நாற்பது நிமிடம் ஒன்றுமே இல்லாமல் நின்றேன். பேசாமல் நிற்பதுதான் இதில் கஷ்டம் என்று வீட்டில் சொன்னேன்.

நேற்று ஷாரன்வில் காட்டுக்குப் போனோம். 30 டிகிரி ஃபாரன்ஹீட், இரவு விழுந்த பனி லேசாக ஈரமாக இருந்தது. காற்று இல்லை. ஏழே முக்காலுக்கு, முறிந்த கிளைக் குவியல் ஒன்றுக்குள் தலையை விட்டவள் ஒரு குரல் கொடுத்தாள். மறுபக்கமாக முயல் கிளம்பியது. அவள் குவியலைச் சுற்றி வந்து, ஒரு கணம் நின்று, சரியான பக்கம் திரும்பினாள். அப்புறம் விடாமல் குரல். இவ்வளவு சின்ன உடம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. தூரமாகப் போய், மெல்லிதாகி, இரண்டு தடவை அடங்கி, மறுபடி எழுந்தது. முயல் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓக் மரத்தடியில் நான் அசையாமல் நின்றேன். கையில் ரோல் கேப் துப்பாக்கி மட்டும்தான்.

14 நிமிடம் கழித்து முயல் வந்தது. எனக்குப் பதினைந்தடியில் உட்கார்ந்தது. ஒரு காது மட்டும் செல்லியின் குரல் வரும் பக்கம் திரும்பியிருந்தது. மூக்கு துடிப்பதுகூடத் தெரிந்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் இரண்டு தாவு தாவிப் புதருக்குள் போய்விட்டது. கேப் துப்பாக்கியைச் சுட மறந்துவிட்டேன், மாமா.

இரண்டு நிமிடத்தில் செல்லி வந்தாள். முயல் வந்த அதே கோட்டில், அது உட்கார்ந்த அதே இடத்தைத் தொட்டு, என் பூட்ஸை உரசிக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் மண் சாலை ஒன்றில் தடம் விட்டுப்போனது. முயல் சாலையிலேயே கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது போல. இருபது நிமிடம் முயன்றாள், முடியவில்லை. சாலையில் விட்டால் என்ன செய்வது?

டேட்டன்காரன் | டிசம்பர் 29

வாழ்த்துகள் நண்பா! பெரிய நாய் இல்லாமலே கொண்டுவந்துவிட்டீர்கள். என்னிடமும் ஏப்ரலில் ஒரு குட்டி வருகிறது, இந்த முறை தனியாக விட்டுப் பார்க்கப் போகிறேன்.

வாட்டர்லூ_மாமா | டிசம்பர் 30

தம்பி, ராத்திரி இதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பூட்ஸை உரசிக்கொண்டு போன இடத்தில் என் மனைவியும் சிரித்துவிட்டாள்.

சாலையில் எல்லா நாயும் திணறும். வண்டி ஓடி இறுகிய மண்ணில் மணம் நிற்காது. வயதான நாய்கள் சாலையை விட்டுவிட்டு இரண்டு ஓரத்துப் புல்லையும் முன்னும் பின்னும் மோந்து பார்க்கும், முயல் எங்கே இறங்கியது என்று தேடும். செல்லிக்கு அது அடுத்த வருஷம்தான் வரும். இருபது நிமிடம் அந்த இடத்தை விட்டு ஓடாமல் தேடினாளே, அதுவே எனக்குப் போதும். அடுத்த தடவை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் அருகில் போய்த் தட்டிக்கொடுத்து, கயிற்றைப் போட்டு, வேறு புதருக்குக் கூட்டிப்போங்கள். தோற்ற இடத்திலேயே சலிக்க விட வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, செல்சியில் எம்-52 இறக்கத்துக்குப் பக்கத்துக் கேஸ் ஸ்டேஷனில் நிற்கிறேன். மருதுவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன், அவள் தனியாக ஓடட்டும். கேப் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நூறு கஜம் தள்ளி நின்று நான் சுடுகிறேன். நீங்கள் அவள் தலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மாஸில் காபி கொண்டுவருகிறேன், சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.